எந்த விதியின் கீழ்? – கல்லூரிக் கட்டுப்பாடுகளும் மாணவர் கேள்விகளும்



சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், தொம்மலூரில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் நண்பர் ஒருவர் தம் மகளுடன் என் வீட்டுக்கு வந்தார். பெண் அப்போதுதான் நகரத்தில் ஒரு கல்லூரியில் பட்டப் படிப்பில் சேர்ந்திருந்தாள். கையில் இரண்டு காகிதங்கள். ஒன்று உறுதிமொழிப் படிவம். மாணவர்கள் தங்கள் சொந்த லேப்டாப்பில் கல்லூரி கொடுக்கும் ஒரு மென்பொருளைப் பொருத்திக்கொள்ள வேண்டும். படிப்பு முடியும் வரை அதை நீக்கக் கூடாது. மற்றது மொழிப் பாட விருப்பப் படிவம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்த பெண் அவள். படிவத்தில் 'தமிழ்' என்று எழுதப் போனபோது, அலுவலகத்தில் இருந்தவர், "அதெல்லாம் கிடையாது, கன்னடம் கட்டாயம்" என்று சொல்லிவிட்டாராம்.

"அங்கிள், அந்த லேப்டாப் எனக்கு மட்டும் இல்லை. அப்பா தன் கணக்கு வழக்கு எல்லாம் அதில்தான் வைத்திருக்கிறார். அவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டாள். நண்பரோ, "எதற்கு வம்பு? எல்லாரும் போடுகிறார்கள், நீயும் போடு என்று சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாள். நீங்களாவது சொல்லுங்கள்" என்றார்.

எனக்கு அன்று பதில் தெரியவில்லை. நான் சட்டம் படித்தவன் அல்லன். டிப்ளமோ முடித்து ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து ஓய்வு பெற்றவன். ஆனால் விதிப் புத்தகத்தோடு காலம் கழித்தவன். ஆகவே, "இரண்டு வாரம் பொறு அம்மா, படித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். அப்படிப் படித்துத் தெரிந்துகொண்டதை நம் சங்கக் குடும்பங்களுக்கும் சொன்னால் உதவியாக இருக்கும் என்பதால் இக்கட்டுரை.

ரயில்வேயில் கற்ற பாடம்

ரயில்வேயில் 1976-ஆம் ஆண்டின் பொது விதிகள் என்று ஒரு புத்தகம் உண்டு. நாடு முழுவதும் ரயில் ஓடுவது அதன்படிதான். ஒவ்வொரு மண்டல ரயில்வேயும் தன் இடத்துக்கு ஏற்பத் துணை விதிகள் செய்துகொள்ளலாம். ஆனால் துணை விதி பொது விதிக்கு முரணாக இருக்கக் கூடாது. ஸ்டேஷனில் ஒட்டும் அறிவிப்பு துணை விதியைத் தாண்டக் கூடாது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த கேங்மேன், நான் போட்ட உத்தரவைக் கேட்டுவிட்டு, "சார், இது எந்த ரூல்படி?" என்று கேட்டார். கோபம் வந்தது. இரவு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தபோது அவர் கேட்டது சரி என்று தெரிந்தது. அன்று முதல் அந்தக் கேள்விக்கு நான் கோபப்பட்டதில்லை.

கண்காணிப்பும் எங்களுக்குப் புதிதல்ல. எஞ்சினில் வேகத்தைப் பதிவு செய்யும் கருவி இருக்கிறது. பழுதுபார்க்கும் இடத்தில் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று நாங்கள் எச்சரிக்கை உத்தரவு கொடுத்தால், டிரைவர் அதை மதித்தாரா இல்லையா என்பதைப் பின்னால் அந்தப் பதிவு காட்டிக் கொடுக்கும். பிற்காலத்தில் தண்டவாளத்தைச் சோதித்து நடக்கும் கீமேன்களுக்கும், இரவு ரோந்து போகிறவர்களுக்கும் ஜி.பி.எஸ். கருவி கொடுத்தார்கள். அவர் எங்கே நடக்கிறார் என்பது அலுவலகத்தில் தெரியும். ஆபத்து என்றால் அவர் கருவியிலிருந்தே உதவி கேட்கலாம்.

இதை எங்கள் ஆட்கள் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் உண்டு. எதற்காகப் பார்க்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். டியூட்டி முடிந்தால் கருவிக்கும் டியூட்டி முடிந்தது. கீமேன் வீட்டில் மனைவியோடு பேசுவதை அது கேட்காது. பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவந்த படிவத்தில் இந்த மூன்றுமே இல்லை. டியூட்டி எப்போது முடிகிறது என்பதும் இல்லை.

எதைப் பார்க்க முடியும்?

முதலில் தொழில்நுட்பத்தைப் புரிந்துகொள்வோம். கல்லூரிக் கண்காணிப்பு என்று பொதுவாகச் சொல்வதில் நான்கு வகை இருக்கிறது. நான்கும் ஒன்றல்ல.

முதலாவது, கல்லூரியின் வைஃபை. மாணவர் தம் பதிவு எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைகிறார். எந்த நேரத்தில் எந்த இணையதளத்துக்குப் போனார் என்பது கல்லூரியின் கருவியில் பதிவாகும். இன்று பெரும்பாலான தளங்கள் பூட்டிய இணைப்பில் இயங்குவதால், உள்ளே என்ன படித்தார், என்ன எழுதினார் என்பது தெரியாது. சரக்கு வேகன் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். யார்டில் இருப்பவருக்கு வேகன் எங்கே போகிறது என்ற சீட்டு தெரியும். சீல் வைத்த கதவுக்குள் என்ன மூட்டை இருக்கிறது என்று பார்க்க முடியாது.

இரண்டாவது, அந்த சீலை உடைக்கும் முறை. 'இந்தச் சான்றிதழை உங்கள் லேப்டாப்பில் ஏற்றிக்கொள்ளுங்கள்' என்று சில இடங்களில் சொல்வார்கள். அதை ஏற்றினால், கல்லூரி வலையமைப்பு வழியாகப் போகும் பூட்டிய இணைப்பையும் இடையில் திறந்து பார்த்து மறுபடி பூட்டி அனுப்ப முடியும். வைரஸைத் தடுக்க அலுவலகங்களில் இப்படிச் செய்வதுண்டு. ஆனால் என்ன ஏற்றுகிறோம் என்று தெரிந்து ஏற்ற வேண்டும்.

மூன்றாவது, கணிப்பொறியையே நிர்வகிக்கும் மென்பொருள். கொடுக்கப்பட்ட அனுமதியைப் பொறுத்து, எந்தெந்த மென்பொருள் இருக்கிறது என்ற பட்டியல் முதல் திரையில் தெரிவது வரை பார்க்கலாம், சிலவற்றைத் தடுக்கலாம். கல்லூரியே வாங்கிக் கொடுத்த கணிப்பொறி என்றால் இதற்கு நியாயம் உண்டு. அப்பாவின் கணக்குகள் இருக்கும் வீட்டுக் கணிப்பொறியில் இதே மென்பொருள் வந்து உட்கார்ந்தால் நிலைமை வேறு.

நான்காவது, தேர்வுக் கண்காணிப்பு. தேர்வு நேரத்தில் மட்டும் காமிரா, மைக், திரை மூன்றையும் திறந்து வைப்பது. கண் எங்கே போகிறது, அறையில் வேறு குரல் கேட்கிறதா என்று கருவியோ ஆளோ பார்ப்பார்கள். கொரோனாக் காலத்தில் இது எல்லா வீடுகளுக்கும் வந்துவிட்டது.

ஆகவே, 'கண்காணிப்பு மென்பொருள்' என்று படிவத்தில் ஒரே வார்த்தை போட்டிருந்தால் இந்த நான்கில் எது என்று கேட்பது மாணவரின் முதல் வேலை. அதைக் கேட்டதும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கோழிக்கோட்டு மாணவியின் வழக்கு

இப்படிக் கேட்ட ஒரு மாணவியின் வழக்கு நம் அண்டை மாநிலத்தில் நடந்திருக்கிறது. கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூரில் ஸ்ரீ நாராயண குரு கல்லூரி என்னும் அரசு உதவி பெறும் கல்லூரி. அங்கே பெண்கள் விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைப்பேசியைப் பயன்படுத்தக் கூடாது என்று 2019 ஜூனில் ஒரு கட்டுப்பாடு வந்தது. இளநிலை மாணவிகள் விடுதியில் லேப்டாப் பயன்படுத்தவும் தடை. பி.ஏ. ஆங்கிலம் மூன்றாம் செமஸ்டர் படித்த ஒரு மாணவி இதை ஏற்கவில்லை. மாலை நேரம்தான் படிக்கும் நேரம், பாடத்துக்கு வேண்டியதை இணையத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது என்றார். விடுதியை விட்டு வெளியேற்றினார்கள். அவர் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஃபஹீமா ஷிரின் எதிர் கேரள அரசு என்பது வழக்கின் பெயர். கட்டுப்பாடு பெண்கள் விடுதிக்கு மட்டும் என்பதும் மனுவில் ஒரு புகார்.

2019 செப்டம்பர் 19 அன்று நீதிபதி பி.வி. ஆஷா தீர்ப்பளித்தார். இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் பகுதி. அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கிய அந்தரங்க உரிமையின் பகுதியும் கூட என்றார். மாணவியை மீண்டும் விடுதியில் சேர்க்க உத்தரவிட்டார். விடுதிக்கு ஒழுங்கு வேண்டாம் என்று தீர்ப்பு சொல்லவில்லை. கைப்பேசியால் மற்றவர்களுக்குத் தொந்தரவு நேர்ந்தால் நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் ஒழுங்குக்காகப் போடும் விதி படிக்கும் வழியையே அடைக்கக் கூடாது. வயது வந்த மாணவிகள் எதை எப்போது படிப்பது என்பதைத் தாமே முடிவு செய்யக் கூடியவர்கள் என்பதே அதன் சாரம்.

இங்கே நம் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் சட்டப்படி 18 வயது நிரம்பியவர் முழு மனிதர். வாக்குப் போடுகிறார். கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் அந்த வயதைக் கடந்தவர்கள். அப்பா கையெழுத்துப் போட்டதால் மகளின் உரிமை போய்விடாது.

பெங்களூர்ப் பெரியவர் ஒருவர்

கேரளத் தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்தது 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அளித்த தீர்ப்பு. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று அது நிலைநாட்டியது. அந்த வழக்கைத் தொடுத்தவர் நம் பெங்களூரில் வாழ்ந்த ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். 2012-இல் ஆதார் திட்டத்தை எதிர்த்து அவர் மனுப் போட்டபோது வயது 86. ஓய்வு பெற்ற பிறகு நமக்கென்ன என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். அந்த வயதில் அவர் போட்ட மனு இன்று ஒவ்வொரு மாணவருக்கும் துணை நிற்கிறது. 2024 அக்டோபரில் தமது 98-ஆம் வயதில் அவர் காலமானார்.

அந்தத் தீர்ப்பு ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது. அரசு ஒருவருடைய அந்தரங்கத்தில் கை வைக்க வேண்டுமானால், முதலில் அதற்குச் சட்டத்தின் ஆதாரம் இருக்க வேண்டும். அடுத்து, நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். மூன்றாவதாக, எடுக்கும் நடவடிக்கை நோக்கத்துக்குத் தக்க அளவாக இருக்க வேண்டும். கொசுவை அடிக்கக் கோடாலி தூக்கக் கூடாது. அரசுக் கல்லூரிகள், அரசு உதவி பெறும் கல்லூரிகள் விஷயத்தில் இந்த அளவுகோலை நேரே வைத்துக் கேட்கலாம். முழுக்கத் தனியாரான கல்லூரிகளில் வழக்கு நடத்துவது சற்றுச் சிக்கல். ஆனாலும் பல்கலைக்கழக விதிகளுக்கும், பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளுக்கும் அவையும் கட்டுப்பட்டவையே.

வீட்டுக்குள் வந்த காமிரா

வீட்டில் இருந்தபடியே காமிராவின் முன் எழுதும் தேர்வு பற்றியும் நம் ஊரிலேயே ஒரு பெரிய வழக்கு எழுந்தது. நாகர்பாவியில் இருக்கும் நேஷனல் லா ஸ்கூல், சட்டப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் பொது நுழைவுத் தேர்வு கொரோனாவால் தள்ளிப் போய்க்கொண்டே இருந்ததால், 2020 செப்டம்பர் 12 அன்று தனக்கென்று ஒரு தேர்வை நடத்தியது. வீட்டிலிருந்தே எழுதலாம், காமிராவும் மைக்கும் மாணவரைக் கவனிக்கும். தகுந்த கணிப்பொறியும் நல்ல இணைப்பும் இல்லாத ஏழை மாணவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி உடனே எழுந்தது. தொழில்நுட்பக் கோளாறால் எழுத முடியாதவர்களுக்கு 14-ஆம் தேதி மறுதேர்வு வைக்க வேண்டி வந்தது.

அதே பள்ளியின் முன்னாள் துணைவேந்தர் ஒருவரும், ஒரு மாணவரின் தந்தையும் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். செப்டம்பர் 21 அன்று அந்தத் தேர்வை நீதிமன்றம் ரத்து செய்தது. பொதுத் தேர்வு அமைப்பில் உறுப்பினராக இருந்துகொண்டு தனித் தேர்வு வைக்க முடியாது என்பது முக்கியக் காரணம். வீட்டிலிருந்து எழுதும் தேர்வில் நேர்மையையும் வெளிப்படைத் தன்மையையும் காப்பது கடினம் என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது. கண்காணிப்பைக் கூட்டினால் நம்பிக்கையும் கூடும் என்று நாம் நினைக்கிறோம். இந்த வழக்கில் அப்படி நடக்கவில்லை.

அமெரிக்காவிலும் இதுபோல ஒன்று. ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லாண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் அரசுப் பல்கலைக்கழகம். 2021 பிப்ரவரியில் ஒரு மாணவர் வீட்டிலிருந்து வேதியியல் தேர்வு எழுத உட்கார்ந்தபோது, தேர்வுக்கு முன் காமிராவைச் சுழற்றித் தம் படுக்கை அறை முழுவதையும் காட்டச் சொன்னார்கள். அவர் அறையில் ரகசியமான சில காகிதங்கள் இருந்தன. காட்டினார், பிறகு வழக்குப் போட்டார். 2022 ஆகஸ்டில் அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம், காரணமின்றி வீட்டைச் சோதனையிடுவதற்கு எதிராக அந்நாட்டு அரசியல் சட்டம் தரும் பாதுகாப்பை இது மீறுகிறது என்று சொன்னது. காமிரா சுழன்றது ஒரு நிமிடம்கூட இருக்காது. நேரம் குறைவு என்பதால் வீடு வீடு இல்லாமல் போய்விடாது என்பதே அந்த மாணவர் கேட்டு வாங்கிய பதில்.

கன்னடமா, தமிழா?

இப்போது இரண்டாவது காகிதத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி நம் சங்கத்தில் பேசும்போது நிதானம் வேண்டும்.

நான் கன்னடம் கற்றது தண்டவாளத்தில். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் வரும் பாதையை நினைத்துப் பாருங்கள். புறப்படும் இடத்தில் தமிழ், குப்பத்தில் தெலுங்கு, பங்காரப்பேட்டை வந்தால் கன்னடம். தண்டவாளம் ஒன்றுதான். தும்கூர்ப் பக்கம் என் கீழ் வேலை செய்த கேங்மேன்கள் எனக்கு வாய்மொழியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். கன்னடப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து எழுத்தைக் கற்றேன். எங்கள் தொம்மலூரின் சொக்கநாத சுவாமி கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதே கோயிலில் இன்று கன்னடத்தில் அர்ச்சனைச் சீட்டு எழுதுகிறோம். இந்த மண்ணில் வாழ்பவன் இந்த மண்ணின் மொழியைக் கற்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் பட்டப் படிப்பில் அதைக் கட்டாயமாக்க யாருக்கு அதிகாரம் என்பது தனிக் கேள்வி. புதிய தேசியக் கல்விக் கொள்கையைப் பட்டப் படிப்புகளில் முதலில் நடைமுறைப்படுத்திய மாநிலம் கர்நாடகம். அதற்காக 2021 ஆகஸ்ட் 7, செப்டம்பர் 15 ஆகிய தேதிகளில் அரசு ஆணைகள் வந்தன. பட்டப் படிப்பில் இரண்டு மொழிகள். அவற்றில் ஒன்று கன்னடமாக இருக்க வேண்டும். முன்பு கன்னடம் படிக்காதவர்களுக்கு எளிமையான நடைமுறைக் கன்னடம். கேட்பதற்குச் சிறிய விஷயம் போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு இடங்களில் ஒன்று கன்னடத்துக்குப் போனால் மீதி ஓர் இடம். அதில் பெரும்பாலானவர்கள் ஆங்கிலத்தை வைத்துக்கொள்வார்கள். அப்புறம் தமிழுக்கோ, உருதுவுக்கோ, சம்ஸ்கிருதத்துக்கோ இடம் எங்கே? படிக்கும் மாணவர் குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் போகும்.

சம்ஸ்கிருத பாரதி (கர்நாடகா) அறக்கட்டளையும் வேறு சிலரும் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். தலைமை நீதிபதி ரிது ராஜ் அவஸ்தி தலைமையிலான அமர்வு 2021 டிசம்பரில் ஆணையை மறுபரிசீலனை செய்யுமாறு அரசிடம் சொன்னது. 2022 ஏப்ரல் 6 அன்று இடைக்கால உத்தரவு வந்தது. தேசியக் கல்விக் கொள்கையைக் காரணம் காட்டி உயர்கல்வியில் கன்னடத்தைக் கட்டாயமாக்க முடியாது. விரும்பி எடுத்தவர்கள் தொடரலாம். விரும்பாதவர்களை வற்புறுத்தக் கூடாது என்றது உத்தரவு. பின்னர் 2024 மே மாதம் கர்நாடக அரசு நான்காண்டுத் திட்டத்தைக் கைவிட்டு மீண்டும் மூன்றாண்டுப் பட்டப் படிப்புக்குத் திரும்பியது. பாட அமைப்பும் மாறியது. ஆகவே, 'கட்டாயம்' என்று யாராவது வாயால் சொன்னால், எந்த ஆண்டின் எந்த ஆணைப்படி என்று கேட்பதுதான் முறை.

இந்தக் கேள்விக்கு அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அகமதாபாத்தில் செயின்ட் சேவியர் கல்லூரியில் ஒரு மாணவர். தாய்மொழி மராத்தி, பள்ளிப் படிப்பும் மராத்தி வழியில். கல்லூரியில் முதலாண்டு ஆங்கில வழியில் முடித்தார். 1961-இல் அடுத்த வகுப்பில் சேரப் போனபோது, குஜராத் பல்கலைக்கழகச் சட்டப்படி இனிக் குஜராத்தி அல்லது இந்தி வழியில்தான் பாடம், பல்கலைக்கழக அனுமதியின்றி ஆங்கில வகுப்பில் உட்கார முடியாது என்று முதல்வர் சொல்லிவிட்டார். தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாமாம், வகுப்பில் ஆங்கிலத்தில் கேட்கக் கூடாதாம்! மாணவரின் தந்தை வழக்குப் போட்டார். 1962 செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே மொழியைப் பயிற்று மொழியாகத் திணிக்கும் அதிகாரத்தைப் பல்கலைக்கழகச் சட்டம் கொடுக்கவில்லை என்று நீதிபதி ஷா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டார். குஜராத்தி நல்ல மொழியா, ஆங்கிலம் நல்ல மொழியா என்பது அங்கே கேள்வியாகவே எழவில்லை. இந்த உத்தரவைப் போட உனக்கு எந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது என்பதுதான் கேள்வி. எங்கள் கேங்மேன் கேட்ட அதே கேள்வி.

கல்லூரியின் பக்கமும் இருக்கிறது

கல்லூரிக்காரர்களை வில்லன்களாகக் காட்டுவது என் நோக்கமல்ல. தேர்வில் காப்பியடிப்பது உண்மை. மாணவிகளின் படத்தை எடுத்துத் தொல்லை கொடுப்பவர்கள் இருப்பதும் உண்மை. கல்லூரி வைஃபையில் யாரோ ஒருவர் செய்யும் குற்றத்துக்குப் போலீஸ் வந்து கேட்பது முதல்வரைத்தான். பத்துப் பேர் கேட்கும் மொழிக்கு ஓர் ஆசிரியரை நியமிக்கப் பணம் வேண்டும்.

இன்னொரு பெரிய காரணம் நாம்தான். "கண்டிப்பான காலேஜா?" என்றுதானே முதலில் கேட்கிறோம்? என் சொந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் விடுதியில் படித்த நாட்களில், வார்டனைப் பார்த்து, அவளுக்கு வரும் போன்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நானே கேட்டவன். அவளுக்குத் தமிழ் இலக்கியம் படிக்க ஆசை. வேலை கிடைக்காது என்று சொல்லிக் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்த்தவனும் நான்தான். இன்று அவள் நல்ல வேலையில் இருக்கிறாள். போன வருடம் பேச்சுவாக்கில், "அப்பா, நீங்கள் ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை" என்றாள். சண்டையாகச் சொல்லவில்லை. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மாணவர்கள் செய்யக் கூடியவை

நீதிமன்றம் கடைசிப் படி. அதற்கு முன் சில படிகள் உண்டு.

முதலில், கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் கேளுங்கள். என்ன மென்பொருள், எதைப் பதிவு செய்கிறது, பதிவு எத்தனை நாள் வைத்திருக்கப்படும், யார் பார்ப்பார்கள், படிப்பு முடிந்தால் எப்படி நீக்குவது என்று ஐந்து வரி போதும். மரியாதையாக எழுதுங்கள். நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள்.

இரண்டாவது, அரசுப் பல்கலைக்கழகமாகவோ அரசு உதவி பெறும் கல்லூரியாகவோ இருந்தால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, இந்த விதியை எந்தக் குழு எந்தத் தேதியில் நிறைவேற்றியது என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மூன்றாவது, பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் மாணவர் குறைதீர்ப்பு விதிகளை வெளியிட்டிருக்கிறது. அதன்படி கல்லூரிகளில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் கொடுத்தால் 15 வேலை நாட்களுக்குள் குழு தன் பரிந்துரையைத் தர வேண்டும். அதில் திருப்தி இல்லாவிட்டால் பல்கலைக்கழகத்தின் குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வு பெற்ற துணைவேந்தர், பேராசிரியர் அல்லது மாவட்ட நீதிபதி போன்றவர்களே அந்தப் பொறுப்பில் இருப்பார்கள். இதற்குச் செலவில்லை, வக்கீல் வேண்டாம்.

நான்காவது, 2023 ஆகஸ்டில் தனிநபர் எண்முறைத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஒருவருடைய விவரங்களைச் சேகரிக்கச் சம்மதம் கேட்கும்போது, எதற்காக என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற வழி இருக்க வேண்டும் என்கிறது சட்டம். இன்னொரு நல்ல செய்தி: அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வசதி தரப்பட வேண்டும். தமிழும் அதில் ஒன்று. ஆங்கிலப் படிவம் புரியாமல் கையெழுத்துப் போடும் பெற்றோருக்கு இது பெரிய துணை.

ஐந்தாவது, தனியாகப் போகாதீர்கள். மொழிப் பாடம் வேண்டும் என்றால், அதே பாடம் வேண்டுகிறவர்களைச் சேர்த்துப் பெயர்ப் பட்டியலோடு போங்கள். பட்டியல் இருந்தால் முதல்வருக்கும் மேலிடத்தில் ஆசிரியர் கேட்க ஓர் ஆதாரம் கிடைக்கும்.

என்ன நடந்தது?

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்ணிடம் இவற்றைச் சொன்னேன். அவளே ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். நான் இலக்கணம் மட்டும் பார்த்தேன். நண்பர் பயந்துகொண்டேதான் இருந்தார். கல்லூரியில் யாரும் கோபப்படவில்லை. அந்த மென்பொருள் தேர்வுகளுக்கு மட்டும்தான் தேவை என்று பதில் வந்தது. சொந்த லேப்டாப்பில் பொருத்த விரும்பாதவர்கள் கல்லூரி ஆய்வகத்துக் கணிப்பொறியில் எழுதலாம் என்று ஏற்றுக்கொண்டார்கள். இதைக் கேட்ட பிறகு இன்னும் சில மாணவர்களும் ஆய்வகத்தையே கேட்டார்களாம். அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மொழி விஷயத்தில், கன்னடம் கட்டாயம் என்று எழுத்தில் காட்ட அவர்களிடம் ஆணை எதுவும் இல்லை. ஆனால் தமிழ் ஆசிரியரும் இல்லை. தமிழ் கேட்டு முன்வந்தவர்கள் இவளையும் சேர்த்து நான்கு பேர். அடுத்த ஆண்டுக்குப் பரிசீலிப்போம் என்றார்கள். இந்தியா, கன்னடமா, வேறு மொழியா என்று அவளையே முடிவு செய்யச் சொன்னார்கள். அவள் கன்னடத்தை எடுத்தாள்.

எனக்குச் சற்று ஆச்சரியம். "இதற்குத்தானா இவ்வளவு அலைந்தாய்?" என்று கேட்டேன்.

"இல்லை அங்கிள், இப்போது நானாக எடுத்திருக்கிறேன்" என்றாள்.

வாரம் ஒரு நாள் மாலை எங்கள் வீட்டுக்கு வந்து தமிழ்ப் புத்தகம் எடுத்துப் போகிறாள். எனக்குத் தெரிந்த கன்னடம் பேச்சுக் கன்னடம் மட்டுமே. அவள் பாடப் புத்தகத்திலிருந்து இப்போது நான் இலக்கணம் கற்றுக்கொண்டிருக்கிறேன். அடுத்த ஆண்டு பட்டியலுக்குத் தமிழ் படிக்க விரும்பும் மாணவர்கள் நம் சங்கக் குடும்பங்களில் இருந்தால், படிவம் கொடுக்கும் நாளுக்கு முன்பே தங்கள் கல்லூரியில் எழுதிக் கொடுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமானால் தொம்மலூருக்கு வாருங்கள்; ஓய்வு பெற்றவனுக்கு நேரம் இருக்கிறது.